முதல் ஊர்வலத்துக்குப் போகிறவர்களுக்கு: டர்பனிலிருந்து ஒரு வழிகாட்டி

ஊரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆனவர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "அக்கா, தண்ணீர் வரவில்லை என்று நகர மண்டபத்துக்கு ஊர்வலம் போகிறார்களே, நாங்களும் போகலாமா? விசாவுக்கு எதுவும் ஆகிவிடாதே?" பாதிக் கேள்வியிலேயே குரல் தாழ்ந்துவிடும். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வார்கள். நானும் அப்படிப் பார்த்தவள்தான். அதனால் அவர்களை உட்காரவைத்துச் சொல்வதையே இங்கே எழுதிவைக்கிறேன்.

போங்கள். நடந்து போங்கள், பாடிக்கொண்டு போங்கள். ஆனால் தெரிந்துகொண்டு போங்கள்.

நாங்கள் இருப்பது நகரத்துக்கு வடக்கே. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தொங்காட் நீர்சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த வட்டாரத்தில் மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்தது. தண்ணீர் லாரி வரும் சத்தம் கேட்டதும் வாளி, ஐந்து லிட்டர் கேன், பெயின்ட் டப்பா என்று கையில் கிடைத்ததோடு தெருவில் இறங்குவோம். எனக்கு முன்னால் ஸூலு மொழி பேசும் ஒரு பாட்டி நிற்பார். வயதான அம்மாக்களை இங்கே 'கோகோ' என்று கூப்பிடுவது மரியாதை. கோகோவின் வாளியை நான் தூக்கிக் கொடுப்பேன், என் கேனை அவருடைய பேரன் தூக்கித் தருவான். என்னை முதன்முதலில் ஊர்வலத்துக்குக் கூப்பிட்டதும் அந்த கோகோதான். "தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கிறாய், தண்ணீரைக் கேட்க வரிசையில் வர மாட்டாயா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. போனேன்.

சட்டம்: அனுமதி வேறு, அறிவிப்பு வேறு

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு ஊர்வலம் என்றாலே போலீஸ் அனுமதி, 144 தடை உத்தரவு என்றுதான் மனது ஓடும். இங்கே சட்டம் தொடங்குகிற இடமே வேறு. அமைதியாகவும் ஆயுதம் இல்லாமலும் கூடுவதற்கும், ஆர்ப்பாட்டம் செய்வதற்கும், பதாகை பிடித்து நிற்பதற்கும், மனுக் கொடுப்பதற்கும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு. 'ஒவ்வொருவருக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அரசியல் உரிமைகளைச் சொல்லும் 19ஆம் பிரிவு குடிமக்களை மட்டும் குறிப்பிடுகிறது. 17ஆம் பிரிவு அப்படிச் சுருக்கவில்லை. வேலை விசாவில் இருப்பவரும், படிக்க வந்தவரும், கணவரோடு வந்தவரும் அதற்குள் அடக்கம்.

நடைமுறையை வகுப்பது 1993ஆம் ஆண்டின் 205ஆம் எண் சட்டம். பொது இடத்தில் 15 பேருக்கு மேல் கூடுவதானால் குறைந்தது 7 நாள் முன்னதாக நகராட்சிக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் முடிந்தவரை சீக்கிரம். 48 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது கொடுத்தால் அதைக் காரணம் காட்டியே தடுக்க முடியும். 15 பேரோ அதற்குக் குறைவாகவோ நின்றால் அறிவிப்பே தேவையில்லை. அறிவிப்பு வந்ததும் நகராட்சி அதிகாரி, போலீஸ், ஊர்வலத்தைக் கூட்டுகிற ஒருங்கிணைப்பாளர் மூவரும் உட்கார்ந்து எந்தத் தெரு, எத்தனை மணி, வரிசையை ஒழுங்குபடுத்த எத்தனை மார்ஷல்கள் என்று பேசி முடிப்பார்கள். ஒருங்கிணைப்பாளரை இங்கே கன்வீனர் என்பார்கள். பெரிய ஆபத்து வரும் என்று சத்தியப்பிரமாணத்தோடு நம்பகமான தகவல் இருந்து, போலீஸாலும் அதைச் சமாளிக்க முடியாது என்றால்தான் தடை போட முடியும். வேண்டாம் என்று தோன்றியதற்காகத் தடுக்க முடியாது.

2018 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. அறிவிப்புக் கொடுக்காமல் கூட்டம் கூட்டியதையே கிரிமினல் குற்றமாக்கிய விதி செல்லாது என்றது. இதை நினைத்து அறிவிப்பே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிவிப்புக் கொடுத்த ஊர்வலத்துக்குத்தான் தெருவை மூடித் தருவார்கள், வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று ஒரு முறை நடந்தால் தெரியும்.

புதிதாக வந்தவர்கள் இந்தக் காகித வேலை எதையும் செய்ய வேண்டாம். அழைப்பு வந்ததும் "அறிவிப்புக் கொடுத்தாச்சா? கன்வீனர் யார்?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். நேராகப் பதில் வந்தால் போங்கள். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் முதல் வருஷமே கன்வீனர் பொறுப்பை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. ஊர்வலத்தில் சேதம் நடந்தால் அதற்கான நஷ்டஈடு அமைப்பின் மேலோ, அமைப்பு இல்லையென்றால் கன்வீனர் மேலோ வரக்கூடும். 2012ல் அரசியலமைப்பு நீதிமன்றமும் அந்த விதியை நிலைநிறுத்தியது.

செய்யக் கூடாதவற்றையும் சட்டமே சொல்கிறது. ஆயுதம் கூடாது. முகத்தை மறைக்கிற முகமூடியோ வேஷமோ கூடாது. போலீஸ், ராணுவ உடை போல உடுத்தக் கூடாது. வேலை நாட்களில் நீதிமன்றக் கட்டடத்திலிருந்து 100 மீட்டருக்குள் அனுமதி இல்லாமல் கூடக் கூடாது. இனம், மொழி, மதம், பண்பாடு, பால் ஆகியவற்றைச் சொல்லி யார் மேலும் வெறுப்பைத் தூண்டக் கூடாது. இந்தக் கடைசி விதியில் பதாகை, பேச்சு என்பவற்றோடு 'பாடுவது' என்றும் எழுதியிருக்கிறது. பாட்டுக்கு எவ்வளவு சக்தி என்று சட்டம் எழுதினவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பாட்டைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

எதற்குப் போகக் கூடாது

அழைப்பிதழை முழுதாகப் படியுங்கள். கேட்பது என்ன, யாரிடம் கேட்கிறார்கள் என்று தெளிவாக இருக்க வேண்டும். தண்ணீர், மின்சாரம், பள்ளிக்கூடம், பெண்கள் மேல் நடக்கும் வன்முறை, மெர்பேங்க் பக்கத்துத் தொழிற்சாலைப் புகை என்று காரணம் எதுவானாலும் சரி. ஆனால் அதில் 'அவர்கள்' என்று இன்னொரு சமூகத்தைச் சுட்டும் ஒரு வரி இருந்தாலும் வீட்டிலேயே இருங்கள். வெளிநாட்டவரை விரட்டு என்பதும் அதில் சேர்த்தி.

இந்த ஊருக்கு அந்தக் காயம் உண்டு. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் எங்கள் குவாஸுலு-நடால் மாகாணத்திலும், ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்திலும் சேர்த்து 350க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த நாட்களில் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் நிறத்தைப் பார்த்து ஆட்களை மறித்தார்கள், அது கொலை வரைக்கும் போனது. அதற்குப் பிறகு பல மாதங்கள், சூப்பர்மார்க்கெட் வரிசையில்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசினோம். அதனால்தான் எல்லாச் சமூகத்தாரும் கலந்து நடக்கிற ஊர்வலத்துக்கு முதலில் போங்கள் என்று சொல்கிறேன். தமிழர்கள் மட்டும் தனியாகக் கூடுகிற இடம் கோயிலிலும் பொங்கலிலும் நமக்கு இருக்கிறது. தெரு எல்லாருக்கும் பொது.

நமக்கு முன்னால் நடந்தவர்கள்

'நமக்கு எதுக்கு வம்பு' என்று சொல்கிறவர்களுக்கு நான் ஒன்றைத்தான் நினைவுபடுத்துவேன். இந்த நாட்டில் அமைதியாகத் தெருவில் இறங்குவதைத் தொடங்கியவர்களில் தமிழர்கள் முன்வரிசை. 1860 நவம்பர் 16ஆம் தேதி மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் வந்து இறங்கியவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் மேல் பின்னாளில் வருஷத்துக்கு 3 பவுண்டு தலைவரி போட்டார்கள். அதை எதிர்த்து 1913ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். சுரங்கம் நின்றது. நவம்பர் 6ஆம் தேதி சார்ல்ஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் நடந்தார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைப் பவுண்டு ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. வழியில் யார் சொத்தையும் தொடக் கூடாது, திட்டினாலும் அடித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும், கைது செய்ய வந்தால் கைதாக வேண்டும் என்பவை அவர்களுக்குக் காந்தி சொன்ன விதிகள்.

தில்லையாடி வள்ளியம்மை அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22ஆம் தேதி, தன் பதினாறாவது பிறந்தநாளில் இறந்தார். அதே வருஷம் 3 பவுண்டு வரி நீக்கப்பட்டது. டர்பனிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. 1946 ஜூன் 13ஆம் தேதி, இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்து, கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சேரும் மூலையில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். டாக்டர் மான்ட்டி நாயக்கர், டாக்டர் கூனம் எல்லாரும் அதில் சிறை போனவர்கள். ரவுடிகள் வந்து கூடாரத்தைப் பிய்த்து எறிந்தார்கள், ஆட்களை அடித்தார்கள். அவர்கள் திருப்பி அடிக்காமல் மறுபடியும் கூடாரம் போட்டார்கள். அம்பிலோ பக்கம் கோயிலுக்குப் போகும்போது அந்த மூலையில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போங்கள்.

பாட்டு

இங்கே பாட்டில்லாத ஊர்வலம் கிடையாது. நம் ஊரில் கோஷம்தான் அதிகம். இங்கே கோஷமும் பாதி பாட்டுதான். ஒருவர் "அமாண்ட்லா!" என்பார், அதிகாரம் என்று பொருள். கூட்டம் "அவேத்து!" என்று திருப்பும், நமதே என்று பொருள். காலைத் தூக்கி வைத்து ஆடுவது டோயி-டோயி. துக்கம் இருக்கும் ஊர்வலத்தில் 'செஞ்சேனினா' பாடுவார்கள். 'நாங்கள் என்ன செய்தோம்?' என்ற ஒரே கேள்வி, மெதுவாக, பல குரலில், திரும்பத் திரும்ப. முதன்முதலில் அதைக் கேட்டபோது என்னால் அடி எடுத்து வைக்க முடியவில்லை, ஓரமாக நின்றுவிட்டேன். நீங்கள் எந்தப் பாட்டைக் கொண்டுபோனாலும் முதலில் அந்தப் பாட்டுகளைக் கற்றுக்கொண்டு அவர்களோடு பாடுங்கள். பிறகு நம் பாட்டுக்கு இடம் கேட்டால் மனசாரத் தருவார்கள்.

நான் கொடுக்க நினைக்கிற பாட்டு, சேதுமாதவராவ் எழுதி, டி.கே. பட்டம்மாள் பாடிப் பரவிய 'சாந்தி நிலவ வேண்டும்'. ராகம் திலங், தாளம் ஆதி. கச்சேரி முடிகிற நேரத்தில், துக்கடாக்களோடு பாடுகிற பாட்டு. கேட்டிராதவர்கள் இன்றே பட்டம்மாள் குரலில் கேளுங்கள். அந்தக் குரல் யாரையும் கெஞ்சுவதில்லை, மிரட்டுவதுமில்லை. நின்ற இடத்திலிருந்து உறுதியாகக் கேட்கிறது. மனு கொடுக்கப் போகிறவர்களுக்கு வேண்டிய குரல் அதுதான்.

இந்தப் பாட்டைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணம் ராகம். திலங்கில் ரிஷபமும் தைவதமும் கிடையாது. ஏறும்போது ஸ க ம ப நி ஸ், இறங்கும்போது ஸ நி ப ம க ஸ. ஏறுகிற நிஷாதம் காகலி, இறங்குகிற நிஷாதம் கைசிகி. சங்கீதம் படிக்காதவர்களுக்கு இந்தப் பெயர்கள் வேண்டாம். ஒரே நிஷாதம் மேலே போகும்போது மேல் ஸட்ஜமத்தை ஒட்டி நிற்கிறது, திரும்பும்போது கொஞ்சம் தாழ்ந்து, மனசு இளகின மாதிரி இறங்குகிறது. இதைக் காதால் பிடித்தால் போதும். ஸ்வரங்கள் குறைவு என்பதால், தாய்மொழி ஸூலுவானாலும் ஆங்கிலமானாலும் இரண்டு மூன்று சுற்றில் கூடப் பாடிவிடுகிறார்கள்.

எங்கள் முதல் முயற்சியைச் சொல்கிறேன், உங்களுக்கு அது நடக்காமல் இருக்கட்டும். நாங்கள் ஏழு பெண்கள். வீட்டில் சுருதிப் பெட்டியோடு நன்றாகப் பாடினோம். அன்று தெருவில் மதிய வெயில், கடல் காற்றின் புழுக்கம், பின்னால் டிரம். உற்சாகத்தில் வழக்கத்தைவிட இரண்டு கட்டை மேலே ஆரம்பித்துவிட்டோம். அடுத்த தெருமுனைக்குள் பாட்டு ஓட ஆரம்பித்தது, பாட்டோடு காலும் ஓடியது. முன்னால் நாங்கள் ஒரு வரியில், பின்னால் வந்தவர்கள் இன்னொரு வரியில். எங்களுக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் பெரிய இடைவெளி. மஞ்சள் சட்டை போட்ட மார்ஷல் ஒருவர் ஓடிவந்து இரண்டு கையையும் கீழ்நோக்கி அமர்த்திக் காட்டினார், "மெதுவா, சிஸ்டர்ஸ், மெதுவா" என்று. இடைவெளி விழுந்தால் வண்டி குறுக்கே புகும், பின்னால் இருப்பவர்கள் எட்டிப் பிடிக்க ஓடுவார்கள், ஓடுகிற கூட்டத்தைப் பார்த்தால் போலீஸ் பதறும் என்று பிறகு விளக்கினார்.

என் பாட்டு ஆசிரியை சிறு வயதில் தொடையில் தட்டித் தட்டிச் சொன்ன காலப்பிரமாணம் என்பது எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. எடுத்த வேகத்தை முடிவு வரை விடாமல் வைத்திருப்பது. கூட்டம் அமைதியாக இருப்பதும் பெரும்பகுதி அதுதான். கோபம் வந்தால் முதலில் வேகம் கூடும், பயம் வந்தாலும் வேகம் கூடும். பாட்டு அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

அதற்குப் பிறகு நாங்கள் பழகுகிற முறை இது. முதல் வாரம் கேட்பது மட்டும், பாடுவதில்லை. அடுத்த வாரம் பல்லவியை மட்டும் எடுத்துக்கொள்வோம், தெருவுக்கு அதுவே போதும். ஒருவர் வரியை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். நம் பஜனைக்கும் அவர்கள் பாட்டுக்கும் பொதுவான முறை என்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுருதியை, குழுவில் யார் குரல் தாழ்ந்ததோ அவருக்கு வசதியாக வைப்போம். தெருவில் அது தானாக ஏறிவிடும். ஓர் அட்சரத்துக்கு, அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு, ஓர் அடி. எட்டு வைத்தால் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று. எட்டு எடுத்து வைப்பது என்று நாம் சொல்வதற்கு அங்கே நல்ல பொருத்தம். இதை உட்கார்ந்து பழகினால் வராது, வீட்டு முற்றத்திலோ கோயில் பிராகாரத்திலோ நடந்துகொண்டே பழகுங்கள். ஜால்ரா போடுகிறவர் முன்வரிசையில் நிற்காமல் நடுவில் நிற்கட்டும், அப்போதுதான் முன்னும் பின்னும் சத்தம் சமமாகப் போகும். சப்பாத்து மாட்டிக்கொண்டு பழகுங்கள், வெறுங்கால் நடையும் அதன் நடையும் ஒன்றல்ல.

டர்பனிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறவர்கள்கூட ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுவார்கள். 'ஸாந்தி' என்றோ 'நிலவா வேண்டம்' என்றோ வந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்தாதீர்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் செய்கிற இந்தத் தவறு எத்தனையோ பிள்ளைகளைப் பாட்டிலிருந்து விரட்டியிருக்கிறது. நாலு தலைமுறையாகத் தேவாரத்தையும் காவடிப் பாட்டையும் எழுத்து தெரியாமலே காதால் காப்பாற்றிய குடும்பங்கள் இவை. பாடட்டும், வீட்டுக்குப் போய் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு துண்டுத்தாளில் பல்லவியின் பொருளைத் தமிழ், ஆங்கிலம், ஸூலு மூன்றிலும் எழுதி எடுத்துப்போங்கள். ஸூலுவில் சாந்திக்குச் சொல் 'உகுதுலா'. அந்த ஒரு சொல்லைச் சொன்னாலே பக்கத்தில் நடப்பவர் முகம் மலரும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தப் பாட்டின் பின்வரிகள் காந்தியைப் போற்றுகின்றன. நமக்கு அதில் நெருடல் இல்லை. ஆனால் காந்தி இங்கே இருந்த ஆரம்ப வருஷங்களில் ஆப்பிரிக்கர்களைப் பற்றி எழுதியவற்றில் இழிவான சொற்கள் உண்டு, அது பல ஆப்பிரிக்க நண்பர்களுக்கு வலிக்கிறது. அவர்களோடு தோளோடு தோள் நடக்கும்போது அந்த வரிகளைப் பாட வேண்டாம் என்பது என் முடிவு. வீட்டிலும் சபையிலும் முழுதாகப் பாடுங்கள். தெருவில் பல்லவி போதும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாட்டை மற்றவர்களுக்கு அனுப்பும்போது வெறும் இணைப்பை மட்டும் தட்டிவிடாதீர்கள், யாரும் திறக்க மாட்டார்கள். யார் எழுதியது, யார் பாடியது, என்ன பொருள் என்று மூன்று வரி எழுதுங்கள். கூடவே உங்கள் குரலில், தாளம் போட்டு, மெதுவாக ஒரு நிமிஷ வாட்ஸ்அப் வாய்ஸ் நோட். பட்டம்மாள் பாடினால் கேட்டு ரசிப்பார்கள். நீங்கள் பாடினால்தான் 'நானும் பாடலாம்' என்று வாயைத் திறப்பார்கள்.

அன்றைய நாள்

நகரத்துக்குள் பெரும்பாலான ஊர்வலங்கள் கிங் டினுஸுலு பூங்காவிலோ கரீஸ் ஃபவுண்டன் மைதானத்திலோ கூடி, நகர மண்டபத்தில் முடியும். பழைய ஆட்கள் பூங்காவை போத்தா பார்க் என்றும், டாக்டர் பிக்ஸ்லி கசேமே தெருவை வெஸ்ட் ஸ்ட்ரீட் என்றும் சொல்வார்கள், இரண்டு பெயரும் தெரிந்திருக்கட்டும். அறிவித்த நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்விடுங்கள். கிளம்பத் தாமதம் ஆகும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மூடிய செருப்பு, பருத்தி உடை, தொப்பி. புடவை கட்டுகிறவர்கள் தாராளமாகக் கட்டலாம், ஒரு கை உயர்த்திக் கட்டுங்கள். தண்ணீர் ஒரு லிட்டர், கொஞ்சம் ரொட்டியோ பழமோ. பாஸ்போர்ட், விசா இரண்டின் நகலும் பையில் இருக்கட்டும், அசலை வீட்டில் பத்திரமாக வையுங்கள். போனை முன்பக்கப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிடுங்கள், நகை வேண்டாம். வீட்டில் இருக்கும் ஒருவருடைய எண்ணையும் தெரிந்த வழக்கறிஞர் எண்ணையும் பேனாவால் முன்கையில் எழுதிக்கொள்ளுங்கள். காவடி நாளில் குழந்தைகள் கையில் எழுதிவிடுவோமே, அது மாதிரி. குழந்தையைக் கூட்டிப்போனால் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், வரிசையின் ஓரத்தில், சட்டென்று விலகக்கூடிய இடத்தில்.

போனதும் உங்கள் பகுதி மார்ஷலிடம் போய், "சானிபோனானி" என்று வணக்கம் சொல்லி, பாட இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். அவர் கை காட்டும்போது பாடுங்கள், வேறு பாட்டு எழுந்தால் நம்முடையதை நிறுத்திவிடுங்கள். படம் எடுக்கலாம், ஆனால் பிள்ளைகள் முகத்தையும் அறியாதவர் முகத்தையும் கேட்காமல் போடாதீர்கள். மண்டப வாசலில் கன்வீனர் மனுவை வாசிப்பார், அதிகாரி வந்து பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுவார். வெயிலில் அலுப்பாக இருந்தாலும் அது வரைக்கும் இருங்கள். அந்தக் கையெழுத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் நடந்தோம்.

நிலைமை மாறினால்

பெரும்பாலும் மாறாது. மாறினால் அடையாளம் முன்பே தெரியும்: ஓடும் கால்கள், உடையும் சத்தம், முகம் மூடிய ஆட்கள், மார்ஷல்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது. பாட்டை நிறுத்துங்கள், ஓடாமல் பக்கத்துத் தெருவுக்கு நடந்து விலகுங்கள். முன்பே ஒரு சந்திக்கும் இடம் பேசி வைத்திருந்தால் அங்கே போய் நில்லுங்கள். கலையச் சொல்வதானால் போலீஸ் உரத்த குரலில், குறைந்தது இரண்டு ஆட்சிமொழிகளில் சொல்லி, போவதற்கு நேரமும் தர வேண்டும். அந்த அறிவிப்பு காதில் விழுந்த பிறகு நின்று வாதாடாதீர்கள். கண்ணீர்ப்புகை வந்தால் கண்ணைக் கசக்கக் கூடாது. காற்று வீசும் திசைக்கு எதிராக நடந்து, சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்று கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பிடித்துக்கொண்டு போனால், ஏன் என்று காரணம் கேட்கவும், பேசாமல் இருக்கவும், வழக்கறிஞரைக் கூப்பிடவும் உங்களுக்கு உரிமை உண்டு. 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். வேலை நாள் இல்லாத நேரத்தில் அந்தக் கெடு முடிந்தால் அடுத்த வேலை நாளில் நிறுத்துவார்கள். இவை அரசியலமைப்பின் 35ஆம் பிரிவில் இருப்பவை, குடியுரிமை கேட்பதில்லை. பெயரைச் சொல்லுங்கள், நகலைக் காட்டுங்கள், படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பக்கத்தில் யாருக்காவது அடிபட்டால் ஆம்புலன்ஸ் எண் 10177, கைப்பேசியிலிருந்து 112ம் வேலை செய்யும்.

வீட்டுக்கு வந்த பிறகு

'வந்து சேர்ந்தேன்' என்று குழுவுக்கு ஒரு செய்தி. யாருடைய செய்தி வரவில்லையோ அவரைக் கூப்பிடுங்கள், இருட்டுவதற்குள். கால் கழுவி, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். வெயிலில் கத்திப் பாடிய தொண்டை மறுநாள்தான் காட்டும்.

மனுவில் எத்தனை நாள் கெடு எழுதியிருக்கிறது என்று பார்த்து, சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிடுங்கள். கெடு முடிகிற அன்று கன்வீனரைக் கூப்பிட்டுப் பதில் வந்ததா என்று கேளுங்கள். வரவில்லையென்றால் அடுத்த கூட்டம் எங்கே என்று கேளுங்கள். நூறு பேர் நடந்த இடத்தில் இந்தப் போனைச் செய்கிறவர்கள் நாலு பேர்தான் இருப்பார்கள், ஐந்தாவதாக நீங்கள் இருங்கள்.

கோகோவுக்கும் பேரனுடைய போனில் அந்த வாய்ஸ் நோட்டை அனுப்பினேன். அடுத்த முறை லாரிக்காக நின்றபோது வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, சாந்தி வருகிற இடத்தில் 'உகுதுலா' என்று போட்டு, மெதுவாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இறங்குகிற நிஷாதம் சரியாக விழுந்தது.